பால்மரம் சீவிய உடம்பும் திருமூலர் சொன்ன யோகமும்

1913ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த ஓர் இளம் மருத்துவர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். பெயர் குப்புசாமி. சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவில் மூன்று ஆண்டுகள். மலாயாவில் இருந்தபோது ஒரு சாது தந்த வேதாந்த நூல் அவர் மனத்தைத் திருப்பியது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1923இல் வேலையை விட்டு இந்தியா திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். சுவாமி சிவானந்தர் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யோகம் கற்றுக்கொண்ட எத்தனையோ பேருக்கு அவருடைய சீடர்களே ஆசிரியர்கள்.

இந்தச் செய்தியை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். யோகம் என்றால் கோலாலம்பூரில் கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்தில், விலையுயர்ந்த பாயின் மேல், ஒல்லியான பெண்கள் செய்வது என்றுதான் அவர்கள் கண்ட படங்களெல்லாம் சொல்லியிருக்கின்றன. பெரியவர்களோ, "காடு மேடெல்லாம் ஏறி இறங்கிய எங்களுக்கு இனிமேல் என்ன உடற்பயிற்சி?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டையும் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. உழைத்துத் தேய்ந்த உடம்புக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் உரியது. ஆனால் நம்மவர்கள் அதைத் தொடங்க வேண்டிய இடம் ஆசனம் அல்ல. மூச்சிலும் ஒழுக்கத்திலும் தொடங்க வேண்டும்.

நான் சிரம்பானுக்குத் தெற்கே ரந்தாவில் வசிக்கிறேன். தோட்ட கிளினிக்கில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். சிவானந்தர் மருந்து கொடுத்த காலத்தில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் சோகையும் தோட்ட மக்களை அரித்தன. நான் மருந்து கொடுத்தவர்கள் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள். அவர்களை அரித்தவை இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் இடுப்பு வலியும்.

பால்மரம் சீவுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த உடம்புகளின் கதை புரியும். மரம் குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிவாகப் போகும். பட்டையில் மெல்லிய சீவல் மட்டுமே வரலாம். கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழுந்து, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்துவிடும். நெஞ்சு உயரத்தில் திறந்த வெட்டு ஆண்டுக்காண்டு கீழே வந்துகொண்டிருக்கும். வெட்டு இறங்க இறங்க வெட்டுகிறவர் முதுகும் குனியும். ஐந்நூறு மரம் என்பது ஒரு நாளைக்குச் சாதாரணக் கணக்கு, அத்தனைக்கும் ஒரே பக்கத் திருப்பம். அதன் பிறகு தோளில் வைத்துச் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு, மேடு பள்ளம் தாண்டி, பாலைச் சேர்க்கும் ஸ்டோருக்கு நடை. கிளினிக்கில் முதுகைப் பார்த்தவுடனே இவர் எந்தத் தோளில் காண்டா தூக்கினார் என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும்.

பிறகு தோட்டங்கள் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புக்குப் போயின. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். கால்களுக்கு வேலை போய்விட்டது. தட்டில் சோற்றின் அளவும் தேநீரில் டின் பாலின் அளவும் அப்படியே இருந்தன. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டது. அதிலும் எல்லா இனத்தாரையும்விட இந்தியரிடையே அது அதிகம். இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகங்களை நான் பெயர் சொல்லி அழைத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

எனக்கு யோகம் என்ற சொல்லை முதலில் காதில் போட்டவர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை செய்த பண்டாரத் தாத்தா. காலையில் மரம் வெட்டுவார், மாலையில் கோயிலில் விளக்கேற்றுவார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் கோயில் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பார். கையைக் காலை வளைத்து எதையும் அவர் எங்களுக்குக் காட்டியதில்லை. "உடம்பைத் திட்டாதே தம்பி, திருமூலர் அதை வளர்த்தவர்" என்று மட்டும் சொல்வார். சொல்லிவிட்டு இந்த அடிகளைப் பாடுவார்:

உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்தே
உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே.

பத்தாம் திருமுறையான திருமந்திரத்தில் இதற்கு அடுத்த பாடலும் என் மனத்துக்கு நெருக்கமானது. முன்னே உடம்பை இழிவானது என்று எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள் உறுபொருளைக் கண்டு, உத்தமன் கோயில்கொண்ட இடம் அது என்று உணர்ந்து ஓம்புவதாகவும் திருமூலர் சொல்கிறார். தோட்டத்தில் உடம்பு என்பது மாதச் சம்பளத்துக்கு அடகு வைத்த பொருளாக இருந்தது. நோய் வந்தால் அதன்மேல் கோபம் வந்தது, முதுமை வந்தால் வெட்கம் வந்தது. அந்த மக்கள் நடுவில், மரம் வெட்டிய கையோடு ஒருவர் இந்தப் பாடலை நம்பி வாழ்ந்தார் என்பதை இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளை வரிசைப்படுத்துகிறது: இயமம் (தீயதை விலக்கும் ஒழுக்கம்), நியமம் (நற்பழக்கம்), ஆதனம் (ஆசனம்), பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி), பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புதல்), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்துதல்), தியானம், சமாதி. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இதே வரிசைதான். ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அவருடைய ஏறக்குறைய இருநூறு சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. முதல் சூத்திரம் கேட்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்கும் ஓர் இருக்கை. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. முழங்கால் தேய்ந்த பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்தால் அது குறைந்த யோகம் ஆகிவிடாது. முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் பதிந்து, வலியில்லாமல் கொஞ்ச நேரம் அமர முடிந்தால் அவர் ஆசனத்தில் இருக்கிறார். நின்றும் குனிந்தும் தொடர்ச்சியாகச் செய்யும் சூரிய நமஸ்காரம் போன்றவை இன்றைய வடிவத்தில் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். நல்ல பயிற்சிதான், ஆனால் அது வராதவருக்கு யோகம் வராது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கோயில் மண்டபத்தில் காலை வகுப்பு தொடங்கினோம். ஆசிரம வழியில் முறையாகப் பயின்ற ஓர் ஆசிரியை வாரத்தில் ஒரு நாள் சிரம்பானிலிருந்து வந்து கற்றுக்கொடுக்கிறார். மற்ற நாள்களில் அவர் சொன்னதை நான் செய்ய வைக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர்கள் வழியாக நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூச்சு.

ஓர் அக்காவைத் தரையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னேன். உள்ளே இழுத்தபோது தோள் காதுவரை ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, வயிறு அசையவே இல்லை. வெளியே விடச் சொன்னால் ஒரே நொடியில் விட்டுவிட்டு அடுத்த மூச்சுக்குத் தாவினார். எத்தனை முறை சொல்லியும் அப்படியேதான். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்து நின்று, மரம் வெட்டுவது போலக் கையை மட்டும் இழுத்துக் காட்டச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது மேலிருந்து வலது கீழே கை வழுக்கிக்கொண்டு வந்தது. இல்லாத கத்தி அங்கே இருப்பது போலவே மணிக்கட்டு திரும்பியது. அந்த இழுப்பு முடியும்வரை மூச்சு நின்றிருந்தது. முடிந்ததும் சட்டென்று ஒரு மூச்சு, உடனே அடுத்த மரம். பட்டையில் காயம் படக்கூடாது என்று பதினெட்டு வயதிலிருந்து மூச்சை அடக்கிப் பழகிய உடம்பு அது. கங்காணி திட்டுவார் என்ற பயமும் அந்த அடக்கத்துக்குள் இருந்தது.

"அக்கா, விறகடுப்பில் தணலை எழுப்ப ஊதுகுழலில் எப்படி ஊதுவீர்கள்?" என்று கேட்டேன்.

"நீளமாக ஊத வேண்டும் ஐயா. வேகமாக ஊதினால் சாம்பல்தான் முகத்தில் பறக்கும்."

"அதே மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். ஓசை வர வேண்டாம்."

அன்றைக்குத்தான் அவர் வயிறு முதன்முதலாக இறங்கியது. அதன் பிறகு உள்ளே இழுப்பதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதே இல்லை. வெளியே விடுவதை நீளமாக்கினால் உள்ளே வருவது தானாக ஆழமாகிறது. மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, நடுவில் நிறுத்தம் கிடையாது. இதை மட்டும் மாதக் கணக்கில் செய்கிறோம். படுத்தபடி வந்தபின் நாற்காலியில், நாற்காலியில் வந்தபின் தரையில். இது நிலைத்தவர்களுக்கு மட்டும் மூக்கை மாற்றி மாற்றி விடும் நாடி சுத்தி.

மூச்சை நிறுத்தும் கும்பகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருமூலர் ஒரு பாடலில் பதினாறு மாத்திரை (கால அளவு) பூரகம் என்னும் உள்ளிழுப்பு, அறுபத்து நான்கு கும்பகம், முப்பத்திரண்டு ரேசகம் என்னும் வெளிவிடுதல் என்று கணக்குச் சொல்கிறார். இளைஞர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறார்கள். அதே திருமூலர் இன்னொரு பாடலில், காற்றைப் பிடிக்கும் கணக்கு அறிவாரில்லை என்கிறார். அறிந்தவர் அரிது என்று சொன்னவரின் கணக்கை, அறிந்த ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் எடுத்துச் செய்யக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்தவே வேண்டாம். வேகமாக வயிற்றை உதறும் கபாலபாதியும் இவர்களுக்கும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் ஆகாது. கிளினிக்கில் ரத்த அழுத்தக் கருவியின் முன்னால் இத்தனை காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆசனத்துக்கு வந்தால் எங்கள் வகுப்பில் ஒரே விதிதான்: வேலை உடம்பை எந்தப் பக்கம் வளைத்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம் முதலில் போ. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்தே இருப்பவர்கள். அவர்களைப் பாதஹஸ்தாசனத்தில் மேலும் குனியச் சொல்வதில் பொருளில்லை. குப்புறப் படுத்து ஓய்வெடுக்கும் மகராசனம், ஒரு காலை மட்டும் உயர்த்தும் அர்த்த சலபாசனம், மல்லாந்து படுத்து இடுப்பை மெல்ல உயர்த்தும் சேதுபந்தாசனம், இவை அவர்களுக்கு வேண்டியவை. மரம் வெட்டியவர்களுக்கு முதுகுத் திருப்பம் முக்கியம். நாற்காலியில் பக்கவாட்டில் அமர்ந்து, முதுகுச் சாய்வைப் பிடித்துக்கொண்டு, பழகாத பக்கமாக முதலில் திரும்பச் சொல்வோம். அந்தப் பக்கம் கழுத்து ஒரு சாண்கூடத் திரும்பாது. அங்கேயே நின்று ஐந்தாறு நீண்ட மூச்சு விட்டால் போதும், தள்ளுவது கிடையாது.

குலை வெட்டும் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். உயர்ந்த மரங்களில் நீளக் கம்பியின் நுனியில் கட்டிய அரிவாளால் வெட்டும் வேலை. வானத்தைப் பார்த்தே காலம் போகும்; ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து பின்னால் மடங்கும். குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் அவனுக்கு அழகாக வந்தது. வந்ததால் இன்னும் உயரமாக எழும்பி, தலையை முழுவதும் பின்னால் சாய்த்துக் காட்டினான், எல்லாரும் பாராட்டினார்கள். இறங்கியதும் வலது கையை உதறிக்கொண்டிருந்தான். கேட்டதில், சில மாதங்களாகவே விரல் மரத்துப்போகிறது என்றான். அன்றோடு அந்த ஆசனத்தை அவனுக்கு நிறுத்தி, முதலில் மருத்துவரிடம் கழுத்தைக் காட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தபின், மோவாயைச் சற்று உள்வாங்கி, பார்வையைத் தரையில் ஒரு முழத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மார்பை மட்டும் கொஞ்சம் உயர்த்தும் அளவோடு சரி. ஒருவருக்கு எளிதாக வருகிற ஆசனம் அவருக்குத் தேவையான ஆசனமாக இருக்க வேண்டும் என்று இல்லை. பல நேரம் அது அவருடைய வேலை ஏற்கெனவே அளவுக்குமேல் செய்துவைத்த காரியமாகவே இருக்கிறது.

இனிப்புநீர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெறும் வயிற்றில் பயிற்சி என்பது பொது விதி. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் இரவு உணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வந்து கைகாலை நீட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் அது குண்டலினி எழுவதன் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. உடனே சர்க்கரை கரைத்த நீர் குடிக்க வேண்டும். எங்கள் மண்டபத்தில் சாமிப் படத்துக்குக் கீழே ஒரு டின் குளுக்கோஸ் எப்போதும் இருக்கும். மாத்திரையை எப்போது விழுங்குவது, எவ்வளவு சாப்பிட்டுவிட்டு வருவது என்பதை அரசாங்க கிளினிக்கில் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மண்டபத்துக்கு வெளியே போகக் கூடாது, வீட்டுக்குப் போனதும் பாதத்தின் அடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கண் அழுத்தம் உள்ளவர்களும் தலைகீழாகச் செய்யும் எதையும் தொட வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள், மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்திலிருந்து எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி உட்கார்ந்து, பிறகே நிற்க வேண்டும்.

யோகம் செய்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஊருக்கு ஊர் சொல்லித் திரிபவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தி, புண் அழுகிக் காலை இழந்தவருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் சிலருக்கு மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது. குறைத்தவர் மருத்துவர், ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு. மற்றவர்களுக்கு அளவு அப்படியே இருக்கிறது, ஆனால் இரவில் தூங்குகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், பேரப்பிள்ளையைத் தூக்குகிறார்கள். மருத்துவமும் யோகமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களிடம் நான் சிவானந்தரைத்தான் காட்டுகிறேன். அவர் மருத்துவராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் வகுத்த வரிசையில் தொண்டும் அன்பும் முன்னே நிற்கின்றன. தியானம் அதற்குப் பிறகுதான்.

இயமம் என்ற முதல் உறுப்பைப் பற்றி நம் வகுப்புகளில் பேசுவது குறைந்துவிட்டது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. திருமூலர் சொல்வதைக் கேளுங்கள்:

கொல்லான்பொய் கூறான் களவிலான் எண்குணன்
நல்லான் அடக்க முடையான் நடுச்செய்ய
வல்லான் பகுத்துண்பான் மாசிலான் கட்காமம்
இல்லான் இயமத் திடையில்நின் றானே.

பதஞ்சலி சொல்லும் இயமங்கள் ஐந்து: கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரமசரியம், பொருள் சேர்க்கும் ஆசையின்மை. திருமூலர் பட்டியலில் பகுத்துண்பதும் கள்ளுண்ணாமையும் சேர்ந்து நிற்கின்றன. இவை இரண்டும் தோட்டத்துக்கென்றே எழுதி வைத்தவையாக எனக்குத் தோன்றும். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் பிள்ளையோடு நின்ற தாய்மார்களை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போர் முடிந்தபின், 1946, 1947 ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகவே எழுந்தது. அவர்கள் கையில் திருமந்திரம் இருந்ததா என்பது முக்கியமில்லை. இயமத்தில் நின்றவர்கள் என்று நான் அவர்களைச் சொல்வேன். இன்று கள்ளின் இடத்தைச் சம்சு என்னும் மலிவுச் சாராயமும் மலிவான பீரும் பிடித்துக்கொண்டன. வகுப்புக்கு வரும் ஆண்களிடம் நாங்கள் குடியை விட்டுவிட்டு வா என்று நிபந்தனை போடுவதில்லை, போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். முதல் நாள் இரவு குடித்தவர் மறுநாள் காலை மூச்சுப் பயிற்சியில் உட்கார முடியாமல் தவிப்பதை அவரே உணர்கிறார். உட்கார வேண்டும் என்ற விருப்பம் வலுத்த சிலர் குடியைக் குறைத்தார்கள். ஒருவர் முழுவதும் விட்டார். அதற்கு அவருடைய மனைவியும் மருத்துவமனையின் சிகிச்சையும் துணையாக இருந்தார்கள். பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தச் சொல்லி யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை.

பகுத்துண்பதை நாங்கள் நேரடியாகவே செய்கிறோம். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. அவித்த கடலையோ பாசிப்பயறோ, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். சர்க்கரை இறங்கியவருக்கு அது மருந்து. தனியாக வாழும் முதியவருக்கு அன்றைய ஒரே பேச்சுத் துணை. வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டவரை யார் போய்ப் பார்ப்பது என்பதும் அந்த நேரத்தில்தான் முடிவாகும். தொடர்ந்து வருபவர்களில் பலர் ஆசனத்துக்காக வருகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, அந்தக் கடலைக்காகவும் பேச்சுக்காகவும் வருகிறார்கள். அதுவும் இயமம்தான் என்பதால் எனக்கு மகிழ்ச்சியே.

பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு மலாய் அம்மா ஒருநாள் வந்து, தமக்கும் முதுகுவலி, தாமும் சேரலாமா என்று கேட்டார். 2008ஆம் ஆண்டில் தேசிய ஃபத்வா மன்றம் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகப் பயிற்சி முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்ததும், மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி விளக்கியதும் நினைவிருக்கலாம். எங்கள் வகுப்பு கோயில் மண்டபத்தில் திருமுறை பாடித் தொடங்குகிறது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, வகுப்பில் சேராமல், எங்கள் பெண்களோடு மாலை நடைக்கு மட்டும் வருகிறார். முதுகுக்கு நடையும் நல்லதுதான். பல இனத்தார் கலந்து வாழும் ஊரில் வகுப்பு நடத்த நினைப்பவர்கள், எதைப் பாடுகிறோம், எங்கே செய்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதனால் நட்பு கெடுவதில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில. விலையுயர்ந்த பாய் தேவையில்லை, ஆனால் வழுக்கும் கோரைப்பாய் வயதானவர்களுக்கு ஆபத்து. கெட்டியான ஜமுக்காளம் நல்லது. சேலையில் வருகிறவர்களைச் சேலையிலேயே விடுங்கள், நாற்காலிப் பயிற்சிக்கு அது தடையில்லை. படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு மட்டும் தளர்வான கால்சட்டை கொண்டுவரச் சொல்லலாம். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் படுக்கக் கூச்சப்படுவார்கள், தனித்தனிப் பக்கம் ஒதுக்கினால் அந்தக் கூச்சம் போய்விடும். ஒரு வகுப்பில் புதிதாக ஓர் ஆசனத்துக்கு மேல் கற்றுக்கொடுக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் சவாசனத்துக்கு என்று கறாராக வைத்துக்கொள்ளுங்கள். உழைத்த மக்களுக்கு ஓய்வெடுக்கத்தான் மிகவும் கடினமாக இருக்கிறது. கண்ணை மூடியவுடன் அடுப்பில் என்ன வைத்தோம் என்று எழுந்துவிடுவார்கள்.

புகைமூட்டம் வரும் மாதங்களில் மண்டபம் திறந்தவெளி என்பதால் வகுப்பை நிறுத்திவிடுகிறோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நூற்றைத் தாண்டினால் ஆழமாக மூச்சிழுக்கும் எந்தப் பயிற்சியும் வெளியில் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கும் முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு, நாற்காலிப் பயிற்சிகளை மட்டும் செய்துவிட்டு, திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் பாடல் பாடலாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். பள்ளிக்கூடம் பார்க்காத அக்காமார்கள் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார்கள். இப்போது பிரத்தியாகாரம் வரை வந்திருக்கிறோம்.